குழந்தைகளின் காவசாகி வியாதியும் அதனை அறியும் வகையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



குழந்தைகளின் தேகநலம் குறித்து இக்கூட்டத்தில் ஏதேனும் பேசவேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டபொழுது நாம் சற்றுத் தயங்கினோம். நாம் வைத்தியரல்லோம், வைத்திய நூல்களை முறையாகக் கற்றவருமல்லோம். கணக்கெழுதிக் காலங்கழித்தவர் நாம். எனினும், சென்ற வருஷம் நமது இல்லத்திலேயே நேர்ந்த ஒரு துன்பத்தால் ஒரு வியாதியின் பெயரையும் இயல்பையும் அறியலானோம். அதன்பின் அறிந்த வைத்தியர்களை அடுத்துக் கேட்டும், வேண்டிய நூல்களைப் படித்தும் தெளிந்தவற்றையே இங்குக் கூறப்புகுகின்றோம். அவ்வறிவிற்கு நாம் கொடுத்த விலை பெரிது. மற்றொரு குடும்பத்தார் அவ்விலையைக் கொடாதிருக்கும்பொருட்டே இன்று இம்மேடையில் நிற்கின்றோம்.

நம் வீடுகளில் குழந்தைகளுக்கு ஜுரம் வருவது புதுமையன்று. மழைக்காலம் வந்தால் ஒரு ஜுரம். பள்ளிக்கூடம் திறந்தால் ஒரு ஜுரம். அவற்றுட் பெரும்பாலானவை மூன்று நான்கு நாட்களில் தாமே தணிந்துவிடும். ஆதலின் ஜுரமென்றவுடன் தாய்மார்கள் நடுங்கவேண்டுவதில்லை. ஆனால் தணியாது நின்று, தேகத்தின் மேற்புறத்தில் சில அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, உள்ளே இருதயத்தின் இரத்தக் குழாய்களை மெல்லப் பழுதாக்கும் வியாதியொன்று உண்டு. அதற்குக் காவசாகி வியாதி என்பது பெயர். அஃது இரத்தக் குழாய்களின் சுவர்கள் சிவந்து வீங்குதலாகிய அழற்சி நோய். அதனை வருவித்த காரணம் இன்னதென்று இன்றளவும் எவரும் அறுதியிட்டுக் கூறினாரில்லை. ஒரு குழந்தையினிடமிருந்து மற்றொரு குழந்தைக்குத் தொற்றுவதுமன்று. தாய் செய்த பிழையாலோ, ஊட்டிய ஆகாரத்தாலோ வருவதுமன்று.

முதலில் அப்பெயரின் வரலாற்றைச் சிறிது கூறுவோம். ஜப்பான் தேசத்துத் தலைநகராகிய டோக்கியோவில் செஞ்சிலுவைச் சங்கத்தாரின் வைத்தியசாலையில் டோமிசாகு காவசாகி என்னும் குழந்தை வைத்தியர் ஒருவர் இருந்தார். 1961-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அவரிடம் கொண்டுவரப்பட்டான். விடாத ஜுரம், கண்கள் சிவந்திருந்தன, உதடுகள் வெடித்திருந்தன, உடலெங்கும் தடிப்பு, கழுத்தில் நெறி. அவர் கற்ற நூல்களுள் எதனிலும் இவ்வடையாளங்கள் ஒருங்கே சொல்லப்படவில்லை. சிறுவன் குணமடைந்து வீடு திரும்பினான். காவசாகி அவர்களோ வியாதி இன்னதென்று தெரியவில்லையென்றே குறிப்பில் எழுதினார். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதாத அந்த நேர்மையே பின்னர் உலகத்துக்கு உபகாரமாயிற்று.

மறுவருஷம் அதே அடையாளங்களோடு மற்றொரு குழந்தை வந்தது. அப்பொழுது அவர்க்கு முதற்சிறுவனின் நினைவு வந்தது. அன்றுமுதல் இத்தகைய குழந்தைகளை ஒவ்வொன்றாகக் குறித்துவைக்கத் தொடங்கினார். இது புதிய வியாதியன்று, முன்னமே அறிந்த ஜுரங்களின் வேற்றுருவமே என்று பெரிய வைத்தியர்கள் சிலர் மறுத்துரைத்தனர். அவர் வாதாடுவதைவிட்டுக் கணக்கெடுப்பதையே மேற்கொண்டார். 1967-ம் வருஷத்தில் 50 குழந்தைகளின் வரலாற்றை ஜப்பானிய மொழிப் பத்திரிகையொன்றில் விரிவாக வெளியிட்டார். 1974-ல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஏறக்குறைய அக்காலத்திலேயே ஹவாய்த் தீவுகளில் மரியன் மெலிஷ் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தவர்களும் அதே அடையாளங்களைத் தாமாகவே கண்டு குறித்திருந்தனர். காவசாகி அவர்கள் 1925-ல் பிறந்து 2020-ம் வருஷம் ஜூன் மாதத்தில் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார்.

தொடக்கத்தில் இவ்வியாதி அபாயமற்றதென்றே எண்ணப்பட்டது. 1970-ல் ஜப்பான் தேசமெங்கும் விசாரித்து எடுத்த கணக்கிலேதான் உண்மை வெளிப்பட்டது. ஜுரம் நீங்கி, தடிப்பு மறைந்து, நலமடைந்துவிட்டனவென்று கருதப்பட்ட குழந்தைகளுள் சில திடீரென இருதயம் நின்று இறந்திருந்தன. சோதித்துப் பார்த்தபோது, இருதயத்திற்கே இரத்தமூட்டும் கரோனரிக் குழாய்கள் ஊதிப் புடைத்து, அவற்றினுள்ளே இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. வெளியே தணிந்த நெருப்பு உள்ளே கனன்றுகொண்டிருந்ததென்று அன்று அறிந்தனர்.

இனி, இது யாரைப் பற்றும் என்பதைக் கூறுவோம். இவ்வியாதிக்குள்ளாகும் நூறு குழந்தைகளுள் ஏறக்குறைய எண்பது குழந்தைகள் ஐந்து வயதிற்குட்பட்டவை. பெண்குழந்தைகளைக் காட்டிலும் ஆண்குழந்தைகளுக்குச் சற்று மிகுதியாக வருகிறது. ஜப்பானியருக்கே இது மிகுதி. அங்கே 2015-ம் வருஷக் கணக்கின்படி ஐந்து வயதிற்குட்பட்ட லட்சம் குழந்தைகளுள் முந்நூற்றுக்கு மேற்பட்டவை அவ்வொரு வருஷத்தில் இதற்குள்ளாயின. கொரியாவிலும் தைவானிலும் அதற்கடுத்தபடி மிகுதி. ஆயினும் இவ்வியாதி வேறு பல தேசங்களிலும் காணப்படுகிறது. நம் இந்தியாவில் சண்டிகரிலுள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தார் 1990-களிலிருந்தே இத்தகைய குழந்தைகளைக் கண்டு சிகிச்சை செய்து எழுதிவருகின்றனர். நம் தமிழ்நாட்டு வைத்தியசாலைகளிலும் இது காணப்பட்டே வருகிறது. அறிந்து நோக்கும் கண்கள் பெருகப் பெருக, அறியப்படும் குழந்தைகளும் பெருகுகின்றன.

அடையாளங்கள் யாவை? தாய்மார்கள் இதனைக் கருத்தூன்றிக் கேட்கவேண்டும். முதலாவது ஜுரம். அது பெரும்பாலும் 102 டிகிரிக்கு மேற்பட்டு நிற்கும். பாராசிட்டமால் மருந்து கொடுத்தால் சிறிது இறங்கி மீண்டும் ஏறும். ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காது. இத்தகைய ஜுரம் ஐந்து நாட்களுக்குக் குறையாமல் இருந்து, அதனுடன் பின்வரும் ஐந்தனுள் நான்கேனும் காணப்படின் காவசாகி வியாதியென்று கொள்வது மரபு. தேர்ந்த வைத்தியர்கள் நான்காம் நாளிலேயே துணிவதும் உண்டு.

ஒன்று: இரு கண்களும் ஒருசேரச் சிவத்தல். ஆனால் கண்நோயிற்போலப் பூளை தள்ளாது, இமைகள் ஒட்டாது. கருவிழியைச் சுற்றி மெல்லிய வெண்வளையம் விட்டுச் சிவந்திருக்கும்.

இரண்டு: வாயின் மாறுதல். உதடுகள் இரத்தச் சிவப்பாகி, வறண்டு, வெடித்து, சிலவேளை இரத்தங் கசியும். நாக்கு சிவந்து, அதன்மேல் சிறு மொட்டுக்கள் எழுந்து, ஸ்ட்ராபெர்ரிப் பழத்தின் தோல்போலத் தோன்றும்.

மூன்று: உடலில் தடிப்பு. அது இன்ன வடிவினதென்று சொல்ல இயலாது. ஒருவர்க்கு மணல்வாரிபோலவும், மற்றொருவர்க்குப் பட்டைபட்டையாகவும் இருக்கும். மார்பிலும் முதுகிலும், சிறப்பாகத் தொடையிடுக்கிலும் காணப்படும். நீர் கோத்த கொப்புளங்கள் இரா.

நான்கு: கைகால்களின் மாறுதல். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, புறங்கையும் புறங்காலும் வீங்கி இறுகும். நடக்கும் குழந்தை நிற்க மறுக்கும். பொம்மையைப் பிடிக்க மறுக்கும். இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின் நகக்கண்களிலிருந்து தொடங்கி விரல்நுனித் தோல் உரியும். இவ்வுரிதலைக் கண்டே வியாதியை அறிவோமென்று காத்திருப்பது, வெள்ளம் வடிந்தபின் கரை கட்டுவதை ஒக்கும்.

ஐந்து: கழுத்தில் நெறி கட்டுதல். பெரும்பாலும் ஒரு பக்கத்திலேயே, ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாத பருமனாகக் கட்டும். ஐந்தனுள் இதுவே அருகிக் காணப்படுவது.

இவ்வைந்தின் வேறாக நம் தேசத்தார் சிறப்பாக அறியவேண்டிய குறியொன்று உண்டு. நம் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் இடது புயத்தில் பி.சி.ஜி. ஊசி போடுகின்றனர் அன்றோ? என்றோ ஆறிய அத்தழும்பு, இந்த ஜுரத்தின்போது சிவந்து தடித்து எழுவதுண்டு. எல்லாக் குழந்தைகளுக்கும் எழாது. ஆனால் எழுமாயின், அது வைத்தியர்க்குப் பெருந்துணையாகும் குறிப்பு. குழந்தையைக் குளிப்பாட்டும் கைகளுக்கே அது முதலில் புலப்படும். குழந்தை அளவுகடந்து சிணுங்குவதும், எவர் எடுத்தாலும் அடங்காமல் அழுவதும் மற்றொரு குறிப்பாம்.

இத்துணைத் தெளிவாக அடையாளங்கள் இருந்தும், இவ்வியாதியை அறிவது அரிதாவதேன்? இவ்வினாவிற்கு விடையாக நம் இல்லத்தில் நிகழ்ந்ததை உள்ளபடியே கூறுகின்றோம்.

நம் மகள் வயிற்றுப் பேரன் அப்பொழுது பதினான்கு மாதத்துக் குழந்தை. முதல் நாள் 103 டிகிரி ஜுரம். இரண்டாம் நாள் அருகிலிருந்த வைத்தியர் தொண்டை சிவந்திருப்பதாகக் கண்டு ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் கண்கள் சிவந்தன. தூக்கமில்லாத சிவப்பென்று நாம் எண்ணினோம். நான்காம் நாள் உடலில் தடிப்பு எழுந்தது. வேறொரு வைத்தியரிடம் சென்றோம். முன்கொடுத்த மருந்து ஒவ்வாததால் எழுந்த தடிப்பாகலாமென்று அவர் மருந்தை மாற்றினார். வீட்டிலோ, இது மணல்வாரியே, அம்மை பார்த்திருக்கிறது, இனி வெளியே தூக்கிச்செல்லலாகாது என்று பெரியவர்கள் கூறினர். வாயிலில் வேப்பிலை செருகப்பட்டது. அப்பெரியவர்களுள் நாமும் ஒருவரே. அதனால் இரண்டு நாட்கள் கழிந்தன.

அவ்விரண்டு நாட்களில் தடிப்பு மங்கிற்று, கண்சிவப்பும் குறைந்தது. அம்மை இறங்கிவிட்டதென்று மகிழ்ந்தோம். ஆனால் ஜுரம் இறங்கவில்லை, உதடு வெடித்தது, பாதம் வீங்கிற்று. ஏழாம் நாள் மூன்றாவது இடத்திற்குச் சென்றோம். சிறுநீரைச் சோதித்ததில் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தன; சிறுநீர்த் தொற்றென்று ஊசி போடத் தொடங்கினர். எட்டாம் நாள் குழந்தையின் பாட்டி புயத்திலிருந்த தழும்பு சிவந்திருப்பதைக் கண்டாள்; கொசுக்கடியென்று விட்டுவிட்டோம்.

ஒன்பதாம் நாள் உறவினர் ஒருவர் வற்புறுத்தலால் வயது முதிர்ந்த குழந்தை வைத்திய அம்மையார் ஒருவரிடம் சென்றோம். அவ்வம்மையார் குழந்தையைத் தொடுமுன், “முதல் நாளிலிருந்து ஒவ்வொரு நாளாகச் சொல்லுங்கள், இன்று இல்லாததையும் சொல்லுங்கள்” என்றார். நாம் விழித்தோம். எந்நாள் கண் சிவந்தது? தடிப்பு முன்னா, உதடு முன்னா? நாற்பது வருஷம் பிறர் வரவு செலவை ஒரு பைசாவும் தவறாமல் எழுதிவந்த நமக்கு, நம் பேரனின் எட்டு நாட்களை எழுதிவைக்கத் தோன்றவில்லை. நல்வினைப் பயனாக, குழந்தையின் தாய் வெளியூரிலிருந்த தன் கணவர்க்குக் காட்டும்பொருட்டு நாள்தோறும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அப்படங்களில் மூன்றாம் நாளின் சிவந்த கண்களும், நான்காம் நாளின் தடிப்பும் நாளோடு பதிந்திருந்தன. கண், தடிப்பு, உதடு, பாதம்: நான்கும் சேர்ந்தன. தழும்பைத் தாமே கண்டார். “காவசாகி” என்றார். அப்பெயரை அன்றே நாம் முதன்முதல் கேட்டோம்.

அன்பர்களே! முன்கண்ட வைத்தியர்களுள் எவரும் அறிவிலரல்லர். ஒவ்வொருவரும் தமக்குக் காட்டப்பட்டதைக் கண்டு, அதற்கேற்பவே கூறினர். தொண்டையைக் கண்டவர் தடிப்பைக் காணவில்லை. தடிப்பைக் கண்டவர் பாதத்தைக் காணவில்லை. இவ்வியாதியின் வஞ்சனையே இதுதான். அடையாளங்கள் ஒருங்கே வந்து நில்லா. ஒன்று வர ஒன்று மறையும். நாமோ நாளுக்கொரு வைத்தியசாலை மாறினோம். ஆகவே முழுவதையும் கண்டவர் வீட்டாராகிய நாமே. கண்டும் சேர்த்து நோக்காதவரும் நாமே. குற்றம் எங்குள்ளதென்று வினவுவோர்க்கு இதுவே நம் விடை.

மற்றுமோர் இடர்ப்பாடு யாதெனின், இவ்வியாதியை உறுதி செய்யும் தனிச் சோதனை எதுவுமில்லை. மலேரியாவிற்கு இரத்தத் துளியில் கிருமியைக் காட்டலாம், இதற்கு அவ்வாறில்லை. இரத்தத்தில் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்னும் அளவுகள் உயர்ந்திருப்பின் உடலில் அழற்சியுண்டென்று தெரியும். எந்த அழற்சியென்று தெரியாது. சிறுநீரில் வெள்ளணுக்கள் இருந்தும் கிருமி வளராதிருத்தல் இவ்வியாதியிலும் உண்டு. எங்களை மயக்கியதும் அதுவே. டெங்கு ஜுரத்தில் பிளேட்லெட் குறையுமென்பதை இன்று நம் வீட்டுப் பெண்கள் யாவரும் அறிவர். காவசாகியிலோ, முதல் வாரம் கழிந்தபின் பிளேட்லெட் பெரும்பாலும் உயரும். நாலரை லட்சத்தைக் கடந்து செல்லும். ஆதலின், பிளேட்லெட் நன்றாக இருக்கிறது, கவலையில்லை என்று ஆறுதலடைந்துவிடலாகாது.

இதனோடு மயங்கும் நோய்களும் பல. தட்டம்மையில் இருமலும் சளியும் மிகும். கண்ணில் நீரும் பூளையும் வரும். தடிப்பு காதின் பின்னும் முகத்திலும் தொடங்கிக் கீழிறங்கும். ஸ்கார்லட் ஜுரம், அடினோ வைரஸ் ஜுரம், மருந்து ஒவ்வாமை ஆகியனவும் இதுபோலத் தோன்றும். 2020-ம் வருஷத்தில் கொரோனா பரவியபொழுது, அத்தொற்று நீங்கிச் சில வாரங்கள் சென்றபின் குழந்தைகளுக்குக் காவசாகியைப் போன்றதோர் அழற்சி நோய் வரக்கண்டு, அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்து வைத்தியர்கள் எச்சரிக்கை விடுத்தனர். நம் தேசத்திலும் அது காணப்பட்டது. ஆதலின் வீட்டிலுள்ளோர் அண்மையில் கொரோனாவுற்றிருப்பின் அதனையும் வைத்தியரிடம் மறையாது கூறவேண்டும்.

இன்னும் அஞ்சத்தக்கதொன்று உளது. ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுக்களுக்கு இவ்வியாதி வருவது அரிது. வருமாயின், மேற்கூறிய அடையாளங்கள் முற்றும் தோன்றாமலே போகலாம். ஜுரமும் சிணுங்கலும் அன்றி வேறொன்றும் இராமலும் போகலாம். ஆனால் இருதயக் குழாய்கள் பழுதாவதோ இச்சிசுக்களுக்கே மிகுதி. ஆதலின், காரணம் விளங்காத ஜுரம் ஏழு நாட்கள் நீடித்த சிசுவிற்கு, வேறு அடையாளம் இல்லாவிடினும், இரத்தம் சோதித்து அழற்சியுண்டெனில் இருதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்கவேண்டுமென்று 2017-ல் வெளிவந்த அமெரிக்க இருதய சங்கத்தாரின் வழிகாட்டி கூறுகிறது. எக்கோவென்பது ஒலியலையால் இருதயத்தைப் படம்பிடிப்பது, ஊசியில்லை, வலியில்லை. எக்கோ முதலில் சரியாயிருப்பதுகொண்டு வியாதியில்லையென்று துணிவதற்கும் இடமில்லை. குழாய்கள் புடைப்பது பின்னரும் நிகழலாம். ஆகையால் ஓரிரு வாரத்திலும், மீண்டும் நான்கு முதல் ஆறு வாரத்திற்குள்ளும் திரும்ப எடுக்கின்றனர்.

அறிவதில் இத்துணை விரைவு ஏன் வேண்டும்? சிகிச்சைக்கு நாளெல்லை உண்டு, அதனால்தான். ஜுரம் தொடங்கிய பத்து நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தை இரத்தநாளத்தின் வழியே செலுத்தவேண்டும். 1984-ல் ஜப்பானிய வைத்தியர்களும், 1986-ல் அமெரிக்க வைத்தியர்களும் இம்மருந்தின் பயனை நிரூபித்தனர். சிகிச்சையில்லாவிடில் நூறு குழந்தைகளுள் ஏறக்குறைய இருபது இருபத்தைந்து குழந்தைகளின் கரோனரிக் குழாய்கள் புடைக்கும். காலத்தில் சிகிச்சை செய்தால் அத்தொகை நான்கைந்தாகக் குறையும். குழந்தையின் எடையில் ஒரு கிலோவிற்கு இரண்டு கிராம் என்பது அளவு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெல்லச் செலுத்துவர். பத்து நாட்கள் கடந்துவிட்டாலும் ஜுரமும் அழற்சியும் நீங்காதிருப்பின் கொடுப்பதுண்டு. ஆதலின், காலங்கடந்ததென்று எவரும் கைவிட்டுவிடலாகாது.

நம் பேரனுக்கு ஒன்பதாம் நாள் இரவே அம்மருந்து ஏற்றப்பட்டது. எக்கோவில் இடப்பக்கக் குழாய் சிறிது விரிந்திருந்தது. நாம் அவ்விரவு முழுதும் துளித்துளியாக இறங்கும் அம்மருந்தையே நோக்கி அமர்ந்திருந்தோம். ஒன்றரை நாளில் ஜுரம் நின்றது. மூன்றாம் வாரம் விரல்நுனித் தோல் உரிந்தது. ஆறாம் வார எக்கோவில் குழாய் தன் இயல்பான அளவிற்குத் திரும்பியிருந்தது. இறைவன் அருளால் இன்று ஓடி விளையாடுகிறான். இன்னும் ஒருநாள் தாமதித்திருப்பின் பத்தாம் நாள். இருநாள் தாமதித்திருப்பின் எல்லை கடந்த நாள். வேப்பிலை கட்டிக் காத்திருந்த அவ்விரண்டு நாட்களை நினைக்குந்தோறும் இன்றும் நம் நெஞ்சம் குன்றுகிறது.

இதனைக் கூறுவது தெய்வ நிந்தையன்று. வேப்பிலையை நாம் பழிக்கவில்லை. மாரியம்மனிடத்து நமக்குள்ள பக்தியும் குறையவில்லை. வாயிலில் வேப்பிலை இருக்கட்டும். அவ்வாயிலின் வழியே குழந்தையை வைத்தியரிடம் தூக்கிச்செல்வதையும் அன்னை தடுக்கமாட்டாள். அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாதென்னும் வழக்கம், மருந்தே இல்லாத காலத்தில் மனத்தைத் தேற்ற உண்டானதாகலாம். மருந்துள்ள காலத்தில் அது குழந்தையின் நாட்களைத் தின்கிறது.

ஆகையால் நம் குடும்பத்தார் யாவரையும் நாம் வேண்டிக்கொள்வன இவை. குழந்தைக்கு ஜுரம் தொடங்கிய நாளை முதல் நாளென்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுக. நாள்தோறும் ஜுரத்தின் அளவையும், கண், வாய், தோல், கை, கால், கழுத்து ஆகியவற்றில் கண்டதையும் ஓரிரு வரியில் குறிக்க. அடையாளம் எதனைக் கண்டாலும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைக்க. அது மறைந்தபின் அப்படமே சாட்சி. எவ்வைத்தியரிடம் சென்றாலும் அப்புத்தகத்தையும் முந்திய சீட்டுக்களையும் கொண்டுசெல்க. இயன்றவரை ஒருவரிடமே செல்க. ஐந்தாம் நாளும் ஜுரம் நின்றதாயின், “இது காவசாகியாக இருக்கக்கூடுமா?” என்று பணிவுடன் கேட்க. கேட்பது அவமரியாதையன்று. இல்லையென்று அவர் காரணத்தோடு கூறினால் மனம் ஆறும். இருக்கலாமென்றால் குழந்தை பிழைக்கும்.

சிகிச்சைக்குப் பின்னரும் கவனிக்கவேண்டுவன உண்டு. ஆஸ்பிரின் மருந்தைச் சில வாரங்கள் கொடுப்பர். அதனை வைத்தியர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. அக்காலத்தில் குழந்தைக்கு இன்புளுயன்சா ஜுரமோ சின்னம்மையோ தொற்றுமாயின் உடனே தெரிவிக்கவேண்டும்; ஆஸ்பிரினோடு அவை சேரின் ஈரலுக்கும் மூளைக்கும் அபாயம் நேரக்கூடும். தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளை இம்மருந்து ஏற்றியபின் பதினொரு மாதங்கள் தள்ளிப்போடுவது முறை. தள்ளிப்போட்டதை மறந்துவிடாமல் புத்தகத்தில் எழுதிவைக்கவேண்டும்.

முடிவாக, நம் சங்கத்தின் கருத்திற்கு ஒரு விண்ணப்பம் செய்ய விரும்புகின்றோம். இம்மருந்து விலை மிகுந்தது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு இருபது கிராம் வேண்டும். விலையைக் கேட்டு ஒருநாள் தயங்கிப் பணந்திரட்ட ஓடும் குடும்பங்கள் நம்முள் உண்டு. அவ்வொரு நாளின் அருமையை மேலே கூறினோம். கல்யாண மண்டபத்திற்கும் மாணவர் விடுதிக்கும் நிதி சேர்த்த நம் சங்கம், குழந்தைகளின் அவசர சிகிச்சைக்கென ஒரு சிறு நிதியைத் தனியே வைத்து, கேட்ட அன்றே கடனாகவேனும் உதவும் ஏற்பாட்டைச் செய்தல் வேண்டும்.

மற்றொன்று. அம்மருந்து எதிலிருந்து எடுக்கப்படுகிறது தெரியுமா? தொழிற்சாலையில் கலந்து செய்யும் இரசாயனமன்று அது. மனிதர்களின் இரத்தத்திலுள்ள நீர்ப்பகுதியிலிருந்து பிரித்தெடுப்பது. ஒரு புட்டி மருந்தில் ஆயிரத்திற்கு மேற்பட்டோரின் இரத்தசாரம் ஒன்றாகக் கலந்திருக்கிறது. நம் பேரனின் நாளத்தில் அவ்விரவு இறங்கியது அத்தனை பேரின் கொடை. அவர்கள் எவ்வூரார், எக்குலத்தார், எம்மதத்தார் என்று அம்மருந்து சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை, கேட்கும் நினைவும் நமக்கு வரவில்லை. ஒரு குலத்தின் பெயரால் கூடியுள்ள இச்சபையில் இதனைச் சொல்வது தகுமோவென்று சிறிது ஆலோசித்தே சொல்கின்றோம். பெற்ற கடனை யாரிடம் அடைப்பதென்று தெரியாதபொழுது, யாவர்க்கும் அடைப்பதே முறை. அடுத்த ஆண்டுவிழாவில் நம் இளைஞர்கள் இரத்ததானம் செய்வதற்கு ஒரு பகற்பொழுதை ஒதுக்குமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

 வீட்டிற்குச் சென்றதும், ஜுரக் குறிப்பிற்கென ஒரு நோட்டுப் புத்தகத்தை மருந்துப் பெட்டியின் பக்கத்தில் வையுங்கள். அதில் எழுதவேண்டிய நாள் எவர் வீட்டிலும் வாராதிருக்க எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக.